சோறு ஒன்றுதானா சந்தோஷம்?

டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்து, இருபது வயதைக் கடந்து, கன்னமும் கழுத்தும் வயிறும் பருத்து, வாசற்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறவனாக வந்து நின்றால், அதைக் கண்டு நம்மூரில் எவரும் கவலைப்படுவதில்லை. "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று பெற்றவளைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். பாராட்டுகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றப் பிள்ளைகளைப் போலப் படித்து, உத்தியோகம் தேடி, கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போகாத ஒரு பிள்ளையை, வயிறு வாடாமல் வைத்திருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய தர்மம் என்னும் எண்ணம், ஆரணியைப் போன்ற நெசவூரில், ஒற்றைத் தறி வைத்திருக்கும் ஏழை வீட்டிலும், பத்துத் தறிக்குப் பாவு கொடுக்கும் முதலாளி வீட்டிலும் ஒரே மாதிரி வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் அன்பினால் பிறந்தது என்பது வாஸ்தவம். ஆனால் அன்பினால் பிறந்த காரணத்துக்காகவே அதை யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிள்ளைகளின் பருமனைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்திருப்பதே ஒரு பாக்கியம் என்று சொல்ல வேண்டும். 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில வைத்தியர் இந்த நிலையின் லட்சணங்களைத் தொகுத்து எழுதிய காலத்திலும், 1959இல் லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருபத்தோராம் எண் குரோமோசோம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக இருப்பதே இதன் காரணம் என்று வெளியிட்ட காலத்திலுங்கூட, இக்குழந்தைகளில் பெரும்பாலோர் வாலிபத்தைக் காணாமலே மறைந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் இதயத்தில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கிறார்கள். சுவாசத் தொற்று எளிதில் பற்றிக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் தக்க சிகிச்சை இல்லாத நாட்களில் தேக பருமன் யாருக்குக் கவலையாக இருந்திருக்கும்? அமெரிக்காவில் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் இறக்கும் வயதின் நடுமதிப்பு 1983இல் 25ஆக இருந்து, 1997இல் 49 ஆயிற்று. இன்று வளம் பெற்ற நாடுகளில் அவர்கள் அறுபதை ஒட்டி வாழ்கிறார்கள். நமக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1961ஆம் வருஷத்திலேயே இதயத்தைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து தேசத்துக்கு வழிகாட்டிய ஸ்தாபனம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் நெசவாளி வீட்டுக் குழந்தையும் அத்தகைய சிகிச்சையைப் பெற முடிகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது இத்தனை பிரயத்தனத்தோடு மீட்டெடுத்த உயிரை, முப்பது நாற்பது வயதில் சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் இரவில் மூச்சுத் திணறலுக்கும் ஒப்புக்கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

குழித்தறி போட்ட ஒரு வீட்டின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்தப் பருமன் எப்படி வருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. வீட்டின் பாதியைத் தறி எடுத்துக்கொள்கிறது. மீதிப் பாதியில் அடுப்பும், பெட்டியும், படுக்கையும், இப்போது ஒரு தொலைக்காட்சியும். விடிந்ததும் கணவனும் மனைவியும் குழியில் கால்களை இறக்கி மிதியை மிதிக்க ஆரம்பித்தால், இழை அறுந்தாலொழிய எழுந்திருக்க மாட்டார்கள். புடவை இறங்கினால்தான் கூலி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இருபத்து நாலு வயதான மகன் தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறான். விசேஷப் பள்ளிக்கு ஒரு காலத்தில் வேனில் போய்க்கொண்டிருந்தவன். பதினெட்டு முடிந்ததும் அந்த வேன் வருவது நின்றுவிட்டது. காலை ஐந்தரை மணிக்குத் தகப்பனாருக்கு டீ வரும்போது அவனுக்கும் ஒன்று. ஏழு மணிக்குத் தாயாருடன் இன்னொன்று, தொட்டுக்கொள்ளப் பொறை. பத்து மணிக்கு இட்லி. பதினொன்றரைக்குத் தெருமுனைக் கடையிலிருந்து டீயும் வடையும். இப்படியே பொழுது போகிறது. அவன் எழுந்து தறிப்பக்கம் வந்து நாடாவைத் தொட்டால் ஜரிகை பாழாகிவிடும் என்ற பயத்தில், கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அந்தப் பொட்டலம் பசிக்காகக் கொடுக்கப்படுவதன்று. தறி தடையில்லாமல் ஓடுவதற்காகக் கொடுக்கப்படுவது. இதைச் சொல்லி அந்தத் தம்பதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. வேறு யாரும் ஒரு மணி நேரம் அவனை அழைத்துப்போக முன்வராத ஊரில், அவர்களுக்கு வேறு என்ன உபாயம் இருந்தது?

அந்தத் தாயாரிடம் இதைப் பற்றி மெதுவாகப் பிரஸ்தாபித்தபோது, அவர் சொன்ன பதில் இது: "அவன் வேற என்னத்தக் கண்டான், சார்? ஊருக்குப் போறானா, சினிமாவுக்குப் போறானா? வாய்க்கு ருசியா நாலு வாய் துன்றதுதான் அவனுக்குச் சந்தோஷம். அதையும் புடுங்கச் சொல்றீங்களா?" இந்தக் கேள்விக்கு ஆகார அட்டவணைகளில் பதில் கிடையாது. ஒரு மனிதனுடைய வாழ்வில் உள்ள ஒரே இன்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அவனை இளைக்க வைப்பது கொடுமை என்று அந்த அம்மாள் சொன்னது முற்றிலும் சரி. அவர் சொன்னதில் நாம் மறுக்க வேண்டிய இடம் வேறு: ஊருக்கும் போகாமல், சினிமாவுக்கும் போகாமல், வேலையும் இல்லாமல், சோறு ஒன்றே சந்தோஷமாக அவனுடைய வாழ்வு சுருங்கிப் போனது பிறவியின் விதியா, நாம் செய்துவைத்த ஏற்பாடா என்பதே அந்த இடம். ஏற்பாடுதான் என்று நான் கருதுகிறேன். அப்படியானால் குறைக்கத் தொடங்க வேண்டியது அவனுடைய தட்டிலிருந்தல்ல, அவன் உட்கார்ந்திருக்கும் நேரத்திலிருந்து.

இவர்கள் உடம்பு எளிதில் பருப்பதற்குச் சரீரத்திலேயே காரணங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. தசைகள் பிறவியிலேயே தளர்வானவை, மூட்டுகள் நெகிழ்ந்தவை, உயரம் குறைவு, ஐந்தடியை ஒட்டியே பலரும் நின்றுவிடுகிறார்கள், ஆகவே அண்ணனுக்குத் தேவையான சோறு தம்பிக்குத் தேவையில்லை. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தி இக்குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவு என்று சில ஆய்வுகள் கண்டன. பெரியவர்களிடம் அத்தகைய வேற்றுமை பெரிதாக இல்லை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆனால் நடமாட்டம் குறைவு என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒன்றுபடுகின்றன. கடுமையாக உழைக்கும்போது மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு இவர்களுக்கு இதயத் துடிப்பு ஏறுவதில்லை. அதனால் கொஞ்ச தூரம் வேகமாக நடந்ததும் களைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்கள் அதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் சொல்லுகிறார்கள். களைப்பு மெய்யான களைப்பு. நாள்தோறும் செலவைவிட வரவு சிறிது அதிகம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் போல, ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது, பத்து வருஷத்தில் தலைக்கு மேல் நிற்கும்.

இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் உண்டு. அவை வைத்தியரால் மட்டும் கண்டுபிடிக்கக் கூடியவை, கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவையுங்கூட. முதலாவது தைராய்டு சுரப்பியின் மந்தம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். எடை ஏறுதல், தோல் வறளுதல், மலச்சிக்கல், எதிலும் உற்சாகமில்லாமை ஆகிய அதன் அடையாளங்களை எல்லாம், "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று வீட்டார் மட்டுமல்லாமல், சில சமயம் வைத்தியர்களும் ஒதுக்கிவிடுகிறார்கள். சோதனைக்குச் சிறிது ரத்தம் போதும். மருந்தோ தினம் ஒரு சிறு மாத்திரை. ஆனால் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி டீ எதுவும் குடிக்காமல் இருந்தால்தான் அது முழுவதும் உடலில் சேரும். மேலே சொன்ன நெசவு வீட்டில் ஐந்தரை மணி டீயோடு சேர்த்தே மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மாத்திரைக்கும் டீக்கும் இடைவெளி வேண்டும் என்று யாரும் வீட்டாருக்குச் சொல்லியிருக்கவில்லை. மாத்திரைச் சீட்டைத் தலைமாட்டில் வைத்து, கண் விழித்ததும் கொடுத்துவிட்டு, அவனுக்கு உரிய டீயை இரண்டாம் சுற்றோடு சேர்ப்பது என்ற ஒரு சிறு மாறுதலுக்கு எந்தச் செலவும் இல்லை.

இரண்டாவது உறக்கம். குறட்டை விட்டுத் தூங்குகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்பது நம்மிடையே உள்ள பழைய நம்பிக்கை. இவர்களுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியது, மூச்சுப் பாதை குறுகல், நாக்கும் தசைகளும் தளர்ச்சி. ஆகவே உறங்கும்போது மூச்சு அடைபட்டு அடைபட்டு வருவது பாதிப் பேருக்கு மேல் காணப்படுகிறது. சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தலையைப் படுக்கையில் கவிழ்த்தபடி உறங்கும் பிள்ளையைப் பல தாய்மார்கள் வேடிக்கையாகப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். படுத்தால் மூச்சு அடைப்பதால் அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்ட உபாயமாக அது இருக்கக்கூடும். இரவில் நல்ல உறக்கம் இல்லாதவனுக்குப் பகலில் அசதி, அசதி உள்ளவன் நடப்பதில்லை, நடக்காதவனுக்குப் பருமன், பருமன் கழுத்தில் சேரச் சேர மூச்சு மேலும் அடைபடும். இந்தச் சுழலில் அகப்பட்ட ஒருவனைப் பார்த்து "கொஞ்சம் கம்மியா சாப்பிடுடா" என்று உபதேசம் செய்வதால் என்ன பிரயோஜனம்?

இனிச் சோற்றுக்கு வருவோம். ஆரணி பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் என்பது வெளியூராருக்குத் தெரியும். அது அரிசிக்கும் பேர்போன சீமை என்பது அரிசி வியாபாரிகளுக்குத் தெரியும். பக்கத்துக் களம்பூரின் பொன்னி, தமிழ்நாடு முழுவதும் மூட்டைமேல் பேர் எழுதி விற்கப்படுகிறது. இப்படிப்பட்ட ஊரில் அரிசியை விட்டுவிடு என்று சொல்லுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் வேண்டியதில்லை. அரிசிக்குப் பதில் ஜவ்வாது மலைச் சாமையும் கேழ்வரகும் தின்றால் உடம்பு தானே இளைத்துவிடும் என்று இப்போது பரவிவரும் பேச்சும் ஒரு மயக்கமே. சாமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து உண்டு, வேறு குணங்களும் உண்டு. ஆனால் அளவில்லாமல் கொட்டிக்கொண்டால் சாமையும் சோறுதான், கூழாகக் கரைத்து மடமடவென்று குடித்தால் வயிறு நிறைந்த உணர்ச்சிகூட வராது.

இந்தப் பிள்ளைகளிடம் கவனிக்க வேண்டியது வேறொன்று: அவர்கள் மெல்லுவதில்லை. பற்கள் தாமதமாக முளைக்கின்றன, சில முளைப்பதே இல்லை, ஈறு நோயும் சீக்கிரம் வருகிறது. ஆகையால் பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சாதத்தைச் சின்ன வயதில் ஊட்டிப் பழக்கிவிட்டு, முப்பது வயதிலும் அதையே ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். குழைந்த சோறு ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் செய்தி போவதற்குள் இரண்டாம் முறையும் பரிமாறியாகிவிடும். காய்கறியைப் பச்சையாகக் கடித்துத் தின்னச் சொன்னால் துப்பிவிடுவான். சுரைக்காய்க் கூட்டும், பூசணிக் கூட்டும், மசித்த கீரையும், நன்றாக வேகவைத்த பயறும் முதலில் தட்டில் விழுந்து, சோறு அதன் பின்னே வந்தால், அவன் மறுக்க மாட்டான். டீயின் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்று ஐந்து டம்ளர் குடித்தால் நாற்பது ஐம்பது கிராம் சர்க்கரை. அது ஏறக்குறைய 200 கலோரி. அதைச் செலவழிக்க எழுபது கிலோ எடையுள்ள ஒருவன் மெதுநடையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். வடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரு தட்டு, அவனுக்கு மட்டும் சிறிய தட்டு என்று பந்தியில் பேதம் செய்யக் கூடாது. நம் வீடுகளில் பந்தி பேதத்தைப் போல மனத்தைப் புண்படுத்துவது வேறொன்றில்லை. அது புரியாத பிள்ளை என்று நினைப்பவர்கள் அவன் தட்டைப் பார்த்துவிட்டுத் தம்பியின் தட்டைப் பார்க்கும் பார்வையைக் கவனித்ததில்லை. டீயில் சர்க்கரையைக் குறைத்தால் வீட்டார் அனைவருக்கும் குறையட்டும். நாள் முழுவதும் தறியில் உட்காரும் தகப்பனாருக்கும் அது நன்மையே. வயிற்றின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் இந்தியர்களுக்கு அபாயம் என்று வைத்தியர்கள் சொல்லும் எல்லையை, தறிவீடுகளில் அளந்து பார்த்தால் அந்தப் பிள்ளை மட்டுமா தாண்டியிருப்பான்?

நடப்பதைப் பற்றிச் சொல்லும்போது, அமெரிக்காவின் கிறிஸ் நிகிக் என்ற இளைஞனின் பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டவுன் சின்ட்ரோமுடன் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத்தில் அறுவை சிகிச்சை பெற்று, நாலு வயதில்தான் நடக்கத் தொடங்கிய அவன், 2020 நவம்பர் 7ஆம் தேதி, தன் இருபத்தோராம் வயதில், புளோரிடாவில் 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 42 கிலோமீட்டர் ஓடி, 'அயர்ன்மேன்' போட்டியை 17 மணி நேரக் கெடு முடிவதற்குச் சற்று முன்பு நிறைவேற்றினான். அவனுக்கு முன் டவுன் சின்ட்ரோம் உள்ள யாரும் அதைச் செய்ததில்லை. ஆயினும் அந்தச் சாதனையை ஆரணித் தாய்மார்களுக்கு முன்மாதிரியாக நீட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கடலும் சைக்கிளும் பயிற்சியாளரும் அவர்களிடம் இல்லை என்பதற்காக மட்டுமல்ல, சாதனை செய்தால்தான் மரியாதை என்னும் பாடத்தை இந்தப் பிள்ளைகள்மேல் சுமத்தக் கூடாது என்பதற்காகவும். அவனுடைய கதையில் நமக்கு உபயோகப்படுவது, நேற்றைவிட இன்று ஒரு சதவீதம் அதிகம் என்று அவனும் தகப்பனாரும் வகுத்துக்கொண்ட கணக்குதான்.

அந்தக் கணக்குக்கு நெசவுத் தெரு தோதான இடம். விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் மேலும் கீழும் நடந்து இழைகளைச் சரி பார்க்கும் வேலையில் அவனையும் ஒரு பக்கம் நிறுத்தினால், வேடிக்கை பார்ப்பதிலேயே அரை மணி நேரம் நடந்துவிடுவான். உட்கார்ந்து ஊடை நூலைத் தாரில் சுற்றத் தெரிந்தவனானால், சுற்றிய தாரை அவனே தறிக்குத் தறி கொண்டுபோய்க் கொடுக்கட்டும். புடவை இறங்கிய நாளில் தகப்பனாரோடு கூட்டுறவுச் சங்கத்துக்கு நடக்கட்டும். கடைத்தெருவுக்குப் பை தூக்கிப் போகட்டும். முதல் நாள் தெருமுனை வரை போதும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பாதம் தட்டையாகவும் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் அகலமாகவும் இருப்பதால், ரப்பர்ச் செருப்பு அவனுக்கு ஆகாது; குதிகாலைப் பிடித்து நிறுத்தும் செருப்பு வாங்கித் தராமல் நட நட என்றால் வலிக்குத்தான் நடப்பான். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு இவர்களில் சிலருக்குத் தளர்வாக இருப்பதால், வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை குட்டிக்கரணம், சிரசாசனம் போன்றவற்றைச் செய்யவிடக் கூடாது. யோகாசன வகுப்பு நடத்தும் அன்பர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். எடை குறைக்கும் தூள், பானம் என்று டப்பாக்களில் விற்பவர்களைப் பற்றி ஒரு வரி போதும்: வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வடைக்கு வருகிறேன். மேலே சொன்ன வீட்டில், அவனைத் தார் சுற்றப் பழக்கி, அதற்காக வாரக் கூலி கொடுக்கலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. தகப்பனார் முதலில் சிரித்தார், "நம்ம புள்ளைக்கே கூலியா, சார்?" என்றார். பிறகு சனிக்கிழமை தோறும் ஐம்பது ரூபாயை அவன் சட்டைப் பையில் வைத்தார். அவன் அந்தக் காசோடு தெருமுனை வரை தானே நடந்துபோய், கடைக்காரரிடம் "அண்ணா, ரெண்டு வடை" என்று கேட்டு, ஒன்றைத் தான் தின்று, மற்றொன்றைத் தாயாருக்குக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தான். அந்த வடையை நான் தடுக்க மாட்டேன். பொழுது போகாததற்காக நாள்தோறும் அவன் வாயில் திணிக்கப்பட்ட தின்பண்டத்துக்கும், தன் உழைப்பின் காசில், தன் காலால் நடந்து, தானே தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரு வடைக்கும் எண்ணெயில் வித்தியாசமில்லை, வாழ்க்கையில் வித்தியாசமுண்டு. இருபத்து நாலு வயதுக்காரன் குழந்தையல்ல. அவனுடைய தேகத்தைப் பற்றி அவனிடம் பேசாமல் அவன் தலைக்கு மேலாகவே வைத்தியரும் பெற்றோரும் பேசி முடிவு செய்வது, எத்தனை நல்ல முடிவானாலும், மரியாதையன்று. தட்டில் எது முதலில் வர வேண்டும், எந்தத் தெரு வழியாக நடக்க வேண்டும் என்று அவனையே கேட்டால், பேச்சு தெளிவாக வராதவன்கூட விரலால் காட்டுவான். எடை எவ்வளவு என்பதும் அவன் அறிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

ஆனால் இளைப்பது எப்போதும் சந்தோஷப்படத் தக்கதன்று. நாற்பதைத் தாண்டிய ஒருவர், எந்த முயற்சியும் செய்யாமல் இளைக்கத் தொடங்கினால், வழக்கமான வேலைகளில் தடுமாறினால், உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மறதி நோயான அல்ஸைமருக்குக் காரணமாகும் புரதத்தைப் படைக்கும் மரபணு இருபத்தோராம் குரோமோசோமிலேயே இருப்பதால், அந்நோய் இவர்களுக்கு முன்னதாகவே வருகிறது. காரணமில்லாத இளைப்பு சில சமயம் அதன் முன்னறிவிப்பாகிறது.

இத்தனையும் வீட்டாரின் கடமையாகவே விட்டுவிட்டு ராஜாங்கம் ஒதுங்கிக்கொள்வதை ஒப்புக்கொள்ள முடியாது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அதன் பட்டியலில் டவுன் சின்ட்ரோமும் இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆரம்பச் சிகிச்சை மையம் அமைப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். பதினெட்டோடு கணக்கு முடிகிறது. பள்ளி வேன் நிற்பதும், நண்பர்கள் பிரிவதும், சுவரில் சாய்ந்து உட்காருவது ஆரம்பிப்பதும், எடை ஏறுவதும் அந்த வயதில்தான். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வீட்டுக்கு அருகிலேயே மருத்துவ வசதி கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. தமிழக அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, அதற்கு நன்றி. எனினும் பணம் கொடுக்கும் அரசு, பெற்றுக்கொள்பவரின் எடையை வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? டவுன் சின்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கென்று 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான நெறிமுறை, இருபத்தோரு வயது முதல் ஓரிரு வருஷங்களுக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனையும், முப்பது வயது முதல், பருமன் உள்ளவர்களானால் இருபத்தோரு வயது முதலே, சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும் என்கிறது. இதில் எதுவும் வேலூருக்குப் போக வேண்டிய காரியமல்ல.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் ஊழியர்கள், ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு ஒண்ணுபுரம், தேவிகாபுரம் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர், சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பேரனின் வயிற்றையும் ஒரு நாடாவினால் அளந்து எழுதிக்கொள்ளலாம், "தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். அந்தப் படிவத்தில் அதற்கு ஓர் இடம் வேண்டும். அதிகாரிகள் மனம் வைத்தால் அச்சடிக்க எத்தனை நாள் ஆகும்? ஆரணியைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் குரல் கொடுக்கும் பிரமுகர்கள், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் சோதனைக்கும் சுமார் 60 கிலோமீட்டர் திருவண்ணாமலைக்குப் போய்வர ஒரு நெசவாளி ஒரு நாள் கூலியை இழக்கிறான் என்பதையும் தங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர்களும் தனித்தனியே கண்ணீர் விடுவதோடு நில்லாமல் கூட வேண்டும். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன், டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த தம் மகளின் பொருட்டுத் தொடங்கிய முயற்சியே பிற்பாடு இந்திய டவுன் சின்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்தது. கமண்டல நாகநதிக் கரையில், தசரதன் வேள்வி செய்ததாக ஐதீகம் சொல்லும் புத்திரகாமேட்டீசுவரர் கோயிலுக்குப் பிள்ளை வரம் வேண்டி எத்தனையோ ஊர்களிலிருந்து தம்பதிகள் வருகிறார்கள். வரமாக வந்த பிள்ளைகளில் சிலர் இப்படிப்பட்டவர்களாகவும் இருப்பார்கள். அவர்களைப் பெற்றவர்கள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடி, பிள்ளைகளோடு ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

மார்ச் 21 உலக டவுன் சின்ட்ரோம் தினம். இருபத்தோராம் குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறித்து மூன்றாம் மாதத்தின் இருபத்தோராம் நாளைத் தேர்ந்து, 2012 முதல் ஐக்கிய நாடுகள் சபையும் அனுசரிக்கிறது. அன்று பல ஊர்களில் மேடை போட்டு, பிள்ளைகளுக்குக் காகிதக் குல்லாய் வைத்து, பெரிய கேக் ஒன்றை வெட்டி, ஆளுக்கொரு துண்டு ஊட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது. அடுத்த வருஷம் ஆரணி அரசு மருத்துவமனையில் அந்த நாளைக் கேக் இல்லாமல் நடத்தலாம். பதினெட்டு வயது கடந்தவர்களைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்த்து, தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்து, பல் வைத்தியரிடம் ஒருமுறை வாயைக் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி, முடிவுச் சீட்டை அவரவர் கையிலேயே கொடுத்து, மறு வருஷம் அதே தேதிக்கு வரச் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்தால் போதும். நன்றாக வேகவைத்திருக்க வேண்டும்.